நெல் வைக்காத அறை

அந்தக் காலத்தில் வயலில் இருந்த உயிர்களுக்கெல்லாம் பேச்சு இருந்தது. நண்டு தவளையை விலகிப் போகச் சொல்லும். கொக்கு மீனிடம் பொய் சொல்லும். பேசத் தெரிந்ததால் யாருக்கும் பெரிய நன்மை வந்துவிட்டதாகத் தெரியவில்லை.

எலி வளைக்கு அப்போது ஒரே வாசல்.

வாய்க்காலை அடுத்த வயலில், இரண்டு வரப்புகள் கூடும் மூலையில், காத்தான் என்ற எலியின் வளை இருந்தது. அவன் மனைவி வெள்ளச்சி. நான்கு குட்டிகள். ஐந்தாவதாக ஒன்று இருந்தது. முந்தைய கோடையில் செத்துப்போயிற்று. வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த சித்திரை மாதம். வளையில் ஒரு மணி நெல் இல்லை. காத்தான் கோரைக் கிழங்கு தேடி மூன்று வயல் தாண்டிப் போயிருந்தான். அவன் கிழங்கோடு திரும்பி வந்தபோது குட்டிக்கு அது தேவைப்படவில்லை.

அதன் பிறகு வெள்ளச்சி குடும்பம் நடத்திய விதமே மாறிவிட்டது. பழைய நெல் தீர்ந்த பிறகுதான் புது நெல்லில் பல் படவேண்டும். கதிரை வாசலில் போட்டு வெயில் காட்டிய பிறகுதான் உள்ளே இழுக்கவேண்டும். ஒவ்வொரு மணியிலும் முளை வரும் நுனியைக் கடித்துத் துப்பிவிட்டுத்தான் அடுக்குவாள். இல்லாவிட்டால் உள்ளேயே முளைத்து வீணாகிவிடும். உமி படுக்கைக்கு, வைக்கோல் குளிருக்கு. குட்டிகள் இன்னும் கொஞ்சம் கேட்டால், "வயிறு நிறைஞ்சா வளை காலியாயிடும்" என்பாள். பக்கத்து வரப்பு எலிகள் அவளைக் கஞ்சப்பிசினாறி என்றன. சித்திரையில் வாலைச் சுருட்டிக்கொண்டு என் வாசலுக்குத்தானே வரப்போகிறீர்கள், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று அவள் பதில் சொல்லி அனுப்பினாள்.

ஆவணியில் காத்தானின் தங்கை சடைச்சி அந்த வளைக்கு வந்து சேர்ந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்த வளையில் சாரைப் பாம்பு நுழைந்துவிட்டது. ஒரு வாசல் வளையில் பாம்பு நுழைந்தால் உள்ளே இருப்பவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. சடைச்சி அப்போது வெளியே மேயப் போயிருந்தாள். திரும்பியபோது வாசலில் சாரையின் வால்நுனி மட்டும் தெரிந்தது.

அண்ணன் வீட்டில் அவள் எதுவும் கேட்கவில்லை. கொடுத்ததைத் தின்றாள். ஆனால் வந்த மூன்றாம் நாள் வளையின் கடைசியிலிருந்து மேல்நோக்கி ஒரு கிளை வெட்டத் தொடங்கினாள். தரைக்கு விரல் தடிப்பு மண் மிச்சம் இருக்கும்போது நிறுத்திக்கொண்டாள். வெளியிலிருந்து பார்த்தால் அங்கே வழி இருப்பது தெரியாது. உள்ளேயிருந்து தலையால் முட்டினால் திறந்துகொள்ளும். அதற்குக் கீழே நாலைந்து பேர் நெருக்கி உட்காரும்படி ஓர் அறையும் குடைந்தாள். தினமும் மாலையில் போய், மேல்மண் இறுகாமல் இருக்கிறதா என்று மூக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.

வெள்ளச்சிக்கு அந்த அறை கண்ணை உறுத்தியது. ஒரு மாத நெல் கொள்ளும் இடம். சும்மா கிடக்கிறது. முதலில் ஜாடையாகச் சொன்னாள். பிறகு, சடைச்சி மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும்போது அவள் காதில் விழும்படி புருஷனிடம் சொன்னாள்:

"போன வீட்டுல ஒத்தை வாசலோட இருந்து எல்லாரையும் வாரிக் கொடுத்தாச்சு. இப்ப இங்க வந்து எனக்கு வாசல் வெட்டிக் காட்டறா."

காத்தான் இருவருக்கும் நல்லவன். அதாவது, யாரிடமும் எதுவும் சொல்லமாட்டான். தூக்கம் வருகிறது என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். சடைச்சி அந்த மண்ணை வெளியே தள்ளிவிட்டு வந்து வழக்கமான மூலையில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அந்த வாசலைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. மாலையில் போய்த் தொட்டுப் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

அந்த வருடம் குறுவை நன்றாக விளைந்தது. புரட்டாசி முழுக்க வெள்ளச்சியும் காத்தானும் கதிர் கடித்து இழுத்தார்கள். முன்னறை நிறைந்தது. பக்க அறைகள் நிறைந்தன. குட்டிகள் படுக்கும் இடத்தில் பாதியும் போயிற்று. மறுநாள் ஆட்கள் அரிவாளோடு வயலில் இறங்கப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று, வெள்ளச்சி கடித்துப் போட்ட கதிர்கள் வாசலில் குவியலாகக் கிடந்தன. மேற்கே வானம் கறுத்திருந்தது. விட்டால் காலையில் கோழி கொத்தும், அல்லது நனைந்து அழுகும்.

வளைக்குள் ஒரே ஓர் இடம்தான் பாக்கி.

பத்து நாள்தானே என்று அவள் நினைத்தாள். முன்னறையில் தின்று இடம் பண்ணி, இதை எடுத்து மாற்றிவிடலாம். வெயில் காட்ட நேரமில்லை. நுனி கடிக்கவும் நேரமில்லை. அவ்வளவு கதிரையும் சடைச்சியின் அறையில் திணித்தாள். அறையும் நிறைந்து, மேலே போகும் கிளையும் நிறைந்த பிறகுதான் நிறுத்தினாள். அன்று அவளுக்கு உடம்பெல்லாம் வலித்தது. மனம் மட்டும், குட்டி செத்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, லேசாக இருந்தது.

மாலையில் சடைச்சி வழக்கம்போலப் போனாள். மூக்கில் மண் படவேண்டிய இடத்தில் நெல் பட்டது. வெள்ளச்சி முன்னறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால் சொல்வதற்குப் பதில் ஒன்று தயாராக வைத்திருந்தாள். சடைச்சி திரும்பி வந்தாள். அண்ணி முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்துக்கொண்டாள். வெள்ளச்சிக்கு நிம்மதியாக இருந்தது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. காத்தான் வாசலை உள்ளிருந்து மண் வைத்து அடைத்தான். மழைக்காலத்தில் எல்லா எலியும் செய்வதுதான். உள்ளே உலர்ந்த நெல் இருந்தது, வைக்கோல் கதகதப்பாக இருந்தது. பக்கத்து வரப்பு எலிகள் நனைந்துகொண்டு தீனி தேடின. குட்டிகள் வயிறார ஒரு வேளை தின்ன வெள்ளச்சி அனுமதித்தாள்.

நாலாம் நாள் நண்பகலில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, வரப்பில் குடியிருந்த நண்டு கொடுக்கன் வந்து வாசல் மண்ணைத் தட்டினான்.

"காத்தா, மேற்கே வாய்க்கால் உடைஞ்சிருச்சு. எனக்குத் தண்ணி வந்தா கவலையில்லை. உனக்கு எப்படின்னு பாத்துக்க."

சொல்லிவிட்டு அவன் நகர்வதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. வாசல் மண் ஊறிக் கரைந்து உள்ளே விழுந்தது. காத்தான் முதுகைக் கொடுத்து அடைத்தான். கடைசிக் குட்டிகள் இரண்டும் அவன் காலடியில் ஒண்டிக்கொண்டன. மற்ற இரண்டும் அம்மாவின் பின்னால் ஓடின. எல்லோருக்கும் முன்னால் சடைச்சி ஓடினாள்.

"அங்க நெல்லு இருக்கு," என்றாள் வெள்ளச்சி.

"தெரியும்," என்றாள் சடைச்சி.

நான்கு நாள் மழை விரல் தடிப்பு மண்ணைத் தாண்டி இறங்கியிருந்தது. காயாத நெல் தண்ணீர் குடித்து ஊதி, கிளை முழுவதும் ஆப்பு அடித்ததுபோல இறுகிவிட்டது. சடைச்சி பல்லால் பிடித்து இழுத்தாள். ஒவ்வொரு கதிராக வந்தது. இழுத்ததைப் பின்னால் தள்ளினாள். வெள்ளச்சி அதைக் குட்டிகளிடம் தள்ளினாள். குட்டிகள் தங்களுக்குப் பின்னால் தள்ளின. வளைக்குள் ஒருவரைத் தாண்டி ஒருவர் போக முடியாது. யார் எங்கே நின்றார்களோ அங்கேதான் நிற்கவேண்டும். பின்னால் தள்ளிய நெல் குவிந்துகொண்டே போனது. அது காத்தானுக்கும் இவர்களுக்கும் நடுவில் குவிகிறது என்பதை அப்போது யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் தள்ள வேறு இடமில்லை.

கடைசியில் ஓர் உடம்பு நுழையும் அளவுக்கு வழி கிடைத்தது. சடைச்சி தலையால் முட்டினாள். வெளிச்சம் வந்தது. அவள் வெளியேறித் திரும்பி அண்ணியை இழுத்தாள். அடுத்து ஒரு குட்டி வந்தது. இரண்டாவது குட்டி வந்தபோது அதன் கழுத்துவரை தண்ணீர் இருந்தது. அதற்குப் பிறகு தண்ணீரும் நெல்லும்தான் வந்தன.

மேட்டு வரப்பில் இருந்த கருவேலங்கன்றின் அடியில் நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளச்சி அழவில்லை. நாத்தனார் சொல்லப்போகும் வார்த்தைக்காகக் காத்திருந்தாள். ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. சடைச்சி எதுவும் சொல்லவில்லை. குட்டிகளுக்குப் புல் வேர் தோண்டிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் வெள்ளச்சியால் பொறுக்க முடியவில்லை.

"அன்னிக்கு நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், சடைச்சி."

"கேட்டா என்ன சொல்வீங்கன்னு தெரியும் அண்ணி."

அது உண்மை. அந்தப் பதில் அன்று மாலை வெள்ளச்சியின் நாக்கு நுனியில்தான் இருந்தது. போன வீட்டைப் பற்றிய அதே பதில்தான்.

சடைச்சியே மறுபடி பேசினாள். "நீங்க சொன்னா சொல்லிட்டுப் போறீங்கன்னு நான் கேட்டிருக்கணும். ரோஷம் பாத்துட்டேன். எனக்கு அது ரெண்டாந்தடவை." போன வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறாள் என்று வெள்ளச்சிக்குப் புரிந்தது.

தண்ணீர் வடிய எட்டு நாள் ஆயிற்று. வடிந்த பிறகு, இரண்டு வரப்புகள் கூடும் மூலையில், பின்வாசல் இருந்த இடத்தில் ஒரு பிடி பச்சை தெரிந்தது. நுனி கடிக்காமல் வைத்த நெல். முளைத்து, நெருக்கமாக, இளம் நாற்றாக நின்றது. அந்த வழியாக வந்த கொடுக்கன் அதைப் பார்த்தான். எப்போதும் ஏதாவது சொல்கிறவன், அன்று பக்கவாட்டில் நகர்ந்து சுற்றிக்கொண்டு போனான்.

குட்டிகளுக்குப் பசி. வெள்ளச்சி அந்த நாற்றைக் கடித்துக் கொண்டுவந்து அவற்றுக்குக் கொடுத்தாள். எதையும் வீணாக்கும் பழக்கம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை. அவள் அதில் ஓர் இலையும் தின்னவில்லை.

பிறகு மேட்டு வரப்பில் புது வளை தோண்ட ஆரம்பித்தாள். நிலத்தில் முன்கால்களை வைத்தவள், தோண்டாமல் நின்றாள்.

"பின்வாசல் எங்க வரணும்?" என்று கேட்டாள். "நீ சொல்லு. அதுக்குத் தக்கன மத்ததை வெட்டிக்கறேன்."

சடைச்சி வரப்பின் மேல் நடந்து போய், தண்ணீர் ஏறாத ஓர் இடத்தில் நின்றாள்.

தை அறுவடையில் அந்த வளையும் நெல்லால் நிறைந்தது. வெள்ளச்சியின் சிக்கனம் குறையவில்லை. பழையது தீர்ந்த பிறகே புதியது, அரை வயிற்றுக்குத்தான் சாப்பாடு. ஆனால் கடைசி அறைக்குள் கதிரோடு நுழைந்த பெரிய குட்டியை அவள் வாலைப் பிடித்து வெளியே இழுத்தாள். இடம் சும்மாத்தானே கிடக்கிறது என்று அது கேட்டது. அது சும்மா இல்லை, அங்கே உன் அப்பா இருக்கிறார் என்றாள். குட்டிக்குப் புரியவில்லை. அதன் பிறகு அது அங்கே நெல் கொண்டுபோகவும் இல்லை.

அன்று முதல்தான் எலிகள் எத்தனை கதிர் சேர்த்தாலும் வளையில் ஒரு கிளையைக் காலியாக விட்டு, அதன் மேல் விரல் தடிப்பு மண்ணை மட்டும் வைக்கின்றன. அறுவடைக்குப் பின் நெல்லுக்காக வளை வெட்டுகிறவர்கள், மண்வெட்டி அந்த அறையில் இறங்கினால் உமிகூட வராது என்று சொல்லி, அதை அப்படியே மூடிவிட்டுப் போகிறார்கள்.