எண்பத்தெட்டு அடி வேலி

கணக்கு மட்டுமே சொல்லித்தரும் ஆசிரமம் ஒன்று மலையடிவாரத்தில் இருந்தது. குரு மரகதவல்லிக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் அனந்தநம்பிக்கு ஐம்பத்திரண்டு. மூத்தவர் என்பதால் குரு அவரை 'நீங்க' என்றுதான் பேசுவார்.

அனந்தநம்பி கணக்கில் புலி. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, அவருக்குத் துளிகூடக் கிடையாது. ஆனால் போன வருஷம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போனவர் பத்தாம் நாளே திரும்பி வந்துவிட்டார். முதல் நாள் முப்பது பிள்ளைகள். பத்தாம் நாள் பெஞ்சுகள் மட்டும்தான் இருந்தன.

இப்போது அதே பள்ளியிலிருந்து மறுபடியும் ஆள் கேட்டிருந்தார்கள். குரு சரி என்றால் நாளைக்கே கிளம்பலாம். இதையும் கோட்டைவிட்டால் இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"அம்மா, நான் போகலாமா?"

"போன தடவை பிள்ளைங்க ஏன் ஓடிப்போனாங்க?"

"எல்லாம் மந்தம்மா. எக்ஸ்னு போட்டதுமே திருதிருன்னு முழிச்சாங்க. நான் நடத்துனதுல ஒரு தப்பும் இல்லை."

குரு கொல்லையில் கிடந்த கம்பி வலைச் சுருளைக் காட்டினார்.

"எண்பத்தெட்டு அடி இருக்கு. கத்தரிச் செடியை ஆடு மேய்ஞ்சிடுது. செவ்வகமா ஒரு வேலி போடுங்க. நீளம் அகலத்தைவிட நாலடி கூட இருக்கணும். வலை மிஞ்சவும் கூடாது, பத்தாமப் போகவும் கூடாது."

இதென்ன பிரமாதம்! அனந்தநம்பி சிலேட்டை எடுத்தார். அகலம் எக்ஸ். நீளம் எக்ஸோடு நாலு. நாலு பக்கத்தையும் கூட்டினால் நாலு எக்ஸும் ஒரு எட்டும், அதுதான் எண்பத்தெட்டு. எட்டைக் கழித்தால் எண்பது. அப்படியானால் எக்ஸ் இருபது. அகலம் இருபது அடி, நீளம் இருபத்து நாலு. வெற்றிலை மடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

மூலைக்கு மூலையும் இடையிடையேயும் கம்பு நட்டார். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. தோட்டத்து முருங்கை நிழல் உள்பக்கம் விழுந்ததால், உள்ளேயே நின்று ஆளுயர வலையைக் கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டிக்கொண்டே வந்தார். புறப்பட்ட கம்பிலேயே வலை வந்து முடிந்தது. ஒரு விரற்கடை மிச்சமில்லை. கடைசி முடிச்சைக் குறடால் முறுக்கிவிட்டு, "அம்மா, வந்து பாருங்க!" என்று கூவினார். முகமெல்லாம் பல்.

குரு வெளியே நின்று சுற்றிப் பார்த்தார்.

"அளவு சுத்தமா இருக்கு. இன்னிக்கு சேமியா பாயசம். சாப்பிட வாங்க."

அனந்தநம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இரண்டு எட்டு வைத்தவர் நின்றார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். எங்கும் வலை. வலையில் கால் வைத்து ஏறப் பார்த்தார், வேட்டி மாட்டிக்கொண்டது. வெளியே நின்ற ஆடு அசைபோட்டபடி அவரையே பார்த்தது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வாசலைப் பத்தி நீங்க சொல்லவே இல்லையேம்மா?"

"சொல்லலை."

"அப்ப என் கணக்குல தப்பு இல்லைதானே?"

"ஒரு தப்பும் இல்லை," என்று குரு சிரித்தார். "போன வருஷம் அந்தப் பிள்ளைங்க எந்தப் பக்கமா உள்ளே வந்திருக்கணும்?"

அனந்தநம்பி தன்னைச் சுற்றியிருந்த வலையை மறுபடியும் ஒரு தடவை பார்த்தார்.

பிறகு குறடை எடுத்துக் கடைசி முடிச்சைப் பிரித்தார். அந்தப் பக்கத்து வலை நுனியில் மேலும் கீழும் கம்பியைக் கொக்கிபோல வளைத்தார். கொக்கியைக் கழற்றினால் வழி, மாட்டினால் வேலி. இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து மாட்டினார். ஆடு ஏமாந்து நகர்ந்தது.

"அம்மா, நாளைக்கு நான்..."

"முதல் பஸ் ஆறரைக்கு," என்றார் குரு.