குழுக்கள் வளர்த்தது

கைவிட்ட சுண்ணாம்புச் சுரங்கத்தை மறுபடி விளைநிலமாக்க ஒரு நிபுணர் சங்கம் இருந்தது. அதில் மண்ணுக்கு ஒரு குழு, தண்ணீருக்கு ஒரு குழு, மரத்துக்கு ஒரு குழு. எந்தக் குழு வந்தாலும் முந்தைய குழு நட்ட கன்றைப் பிடுங்கிப் போட்டு, அதே குழியை இன்னும் தோண்டச் சொல்லி, தன் கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும். தோண்டுகிறவள் தவமணி. சுரங்கத்துக்கு நிலத்தைப் பறிகொடுத்தவள்.

ஒருநாள் கலெக்டர் வந்தார். சங்கத் தலைவர் தவமணியை அதட்டினார்.

"நாங்க வளர்த்ததை ஐயாவுக்குக் காட்டு."

அவள் குழியைக் காட்டினாள்.

"இதுதாங்க ஐயா. முழங்கால் ஆழம் இருந்துச்சு. இப்ப என் இடுப்புக்கு வளர்ந்திருக்கு."

கலெக்டர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூசவில்லை.

"குழிக்குன்னு தனிக்குழு இல்லாததுதான் சார் குறை."

அடுத்த வருஷம் குழிக்கான குழுவும் கன்றோடு வந்து நின்றது. தவமணி மண்வெட்டியை எடுத்தாள்.