மடத்து வயலுக்குப் போகும் வழி

திருவாரூருக்குக் கிழக்கே, ஆற்றுப் பாசனத்தின் கடைமடையில் ஒரு சின்ன மடம். சொத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வழிப்போக்கர்களுக்கு மத்தியானச் சோறு உண்டு. அந்தச் சோற்றுக்கு நெல் விளைய ஆறு ஏக்கர் வயல் உண்டு.

மடத்தின் தலைவி உமையம்மை நாற்பதைத் தாண்டியவர். அவரிடம் தீட்சை வாங்கிய தியாகேசனுக்கோ அறுபத்திரண்டு. அதனால் குரு சீடரை ‘ஐயா’ என்பார், சீடர் குருவை ‘அம்மா’ என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாருக்குக் குரு என்று சட்டென விளங்காது.

மடத்துக்கு வருமுன் தியாகேசன் முப்பது வருஷம் சொந்த டிராக்டர் வைத்து வாடகைக்கு உழுதவர். எல்லாவற்றையும் மகன்களிடம் கொடுத்துவிட்டு வேட்டியும் துண்டுமாக வந்து சேர்ந்தார். விட்டுவிட்டோம் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். ஆடி மாதம் மடத்தின் பழைய டிராக்டர் எஞ்சின் போய் நின்றது. புதிது பார்க்கும் பொறுப்பை அம்மை அவரிடம் கொடுத்தார். அன்றைக்கு உள்ளே படுத்திருந்த பழைய ஆள் எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

ஊர் ஊராகப் போனார். இருக்கையில் ஏறி உட்கார்ந்து பார்த்தார், பானட்டைத் திறந்து பார்த்தார், டிரைவர்களை வழிமறித்துக் கேட்டார். கடைசியில் இரண்டில் வந்து நின்றது. ஒன்று பழையதைப் போலவே சின்னது. மற்றது ஐம்பத்தைந்து குதிரைத்திறன், நான்கு சக்கரமும் இழுக்கும்.

உமையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போய் நின்றார்.

“சின்னதுன்னா நம்ம வயலுக்கு அஞ்சு நாள் ஆகும்மா. பெரிசு ஒன்றரை நாள்ல முடிச்சுப்புடும். எதை வாங்கலாம்? நீங்கதான் சொல்லணும்.”

“அது வயலுக்கு எந்த வழியா போகும் ஐயா?”

“வழக்கமா போற வழிதாம்மா.”

அம்மை கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

குரு வாயைத் திறக்காவிட்டால் சாமியைக் கேட்பது என்று தியாகேசன் முடிவு செய்தார். மடத்துப் பிள்ளையார் முன்னால் பூக்கட்டிப் பார்த்தார். சிவப்பு அரளி சின்ன டிராக்டருக்கு, வெள்ளை நந்தியாவட்டை பெரியதற்கு. இரண்டையும் வாழை இலையில் பொட்டலமாகக் கட்டி, குலுக்கிப் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். அரளி வந்தது. பொட்டலத்தைச் சரியாகக் கட்டவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மறுபடி கட்டிப் போட்டு எடுத்தார். நந்தியாவட்டை வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“சாமி பெரிசுக்கு உத்தரவு குடுத்துருச்சும்மா” என்றார்.

“ஓட்டிப் பார்த்தீங்களா?”

“நாளைக்கு டெமோவுக்குக் கொண்டாரச் சொல்லியிருக்கேன்.”

அம்மை தலையாட்டினார்.

மடத்தின் வயல் உள்வயல். அதற்கென்று தனி வழி கிடையாது. வண்டிப் பாதையிலிருந்து இறங்கினால் முதலில் செந்தாமரையின் வயல். அதைத் தாண்டித்தான் மடத்து வயல். வெளிவயல்காரர் உள்வயல்காரருக்கு வழி விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மடத்து உழவு உள்ளே போய் வெளியே வரும்வரை செந்தாமரை தன் வயலில் நாற்று நடமாட்டாள். அவள் மாமியார் காலத்திலும் அப்படித்தான். புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்தது அந்த ஒரு வயல்தான். அதில் விளைந்தால் வருஷம் முழுக்கச் சோறு. விளையாவிட்டால் ரேஷன் அரிசிக்குப் பையைத் தூக்க வேண்டும்.

மறுநாள் டெமோ வண்டி வந்தது. புரட்டாசி முதல் வாரம். வாய்க்காலில் முறைத்தண்ணீர், அதாவது ஊர்களுக்கு முறைவைத்து விடும் ஆற்றுத்தண்ணீர், ஓடிக்கொண்டிருந்தது. செந்தாமரை வயலில் தண்ணீர் கட்டி ஊறப்போட்டிருந்தாள். கம்பெனி டிரைவர் வரப்பருகே நிறுத்திவிட்டு யோசித்தான்.

“ஈரம் அதிகமா இருக்குங்களே, ஐயா.”

“எறங்கு நீ” என்று தியாகேசன் தாமே ஏறி உட்கார்ந்தார்.

நடுவயலில் வண்டி புதைந்தது. பின்சக்கரம் சேற்றைக் கிளறிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றியது. வேறு யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். தியாகேசன் விடவில்லை. முன்னும் பின்னுமாக ஆட்டி, எஞ்சினை அலறவிட்டு, கடைசியில் பிடுங்கிக்கொண்டு மேலே ஏற்றிவிட்டார். டிரைவர் கைதட்டினான். செந்தாமரை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

அன்று மடத்து வயலில் பாதியை அந்த வண்டி வெண்ணெயாக உழுது போட்டது. தியாகேசன் பல வருஷம் கழித்து வாய்விட்டுச் சிரித்தார். திரும்பும்போதும் அதே வழிதான். அதே குழிதான், இன்னும் கொஞ்சம் ஆழமாக.

“முன்பணம் கட்டிரலாமாம்மா?” என்று இரண்டு நாள் கழித்துக் கேட்டார்.

“செந்தாமரையக்கா நட்டுட்டாங்களா?”

“தெரியலையேம்மா.”

“வாங்க, பார்த்துட்டு வருவோம்.”

விடிந்து கொஞ்ச நேரமே ஆகியிருந்தது. செந்தாமரை மடையருகே குந்தியிருந்தாள். பக்கத்து வயல்களிலெல்லாம் தண்ணீர் வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அவள் வயலில் வெறும் சேறு தெரிந்தது.

“தண்ணி வைக்கலையாக்கா?” என்றார் அம்மை.

“வச்சேன்மா. சாயந்தரம் கட்டினா விடியுறதுக்குள்ள காணோம். முந்தாநாளும் இப்படித்தான், நேத்தும் இப்படித்தான்.”

“ஏன் மடத்துக்கு வந்து சொல்லலை?”

“மடத்து வண்டியாச்சே. சாமி காரியம்னு விட்டுட்டேன்.”

அம்மை திரும்பி, “அந்தப் பள்ளத்துல கால விட்டுப் பாருங்க ஐயா” என்றார்.

தியாகேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரம் தோண்டிய குழியில் இறங்கினார். களிமண் முழங்கால்வரை வழவழத்தது. அதற்கும் கீழே பாதத்தில் நறநறவென்று மணல் தட்டியது. குளிர்ந்த, ஈரமான ஆற்றுமணல்.

அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கத்து நிலம் முழுக்க மேலே களி, அடியில் மணல். நடுவே, தலைமுறை தலைமுறையாக மாடும் மனுஷரும் மிதித்து மிதித்து இறுகிய ஒரு தரை. தண்ணீரைத் தாங்குவது அந்தத் தரைதான். அதை அவர் துளைத்துவிட்டிருந்தார். முறைத்தண்ணீர் இன்னும் ஒரு வாரத்தில் நின்றுவிடும். நாற்றங்காலில் செந்தாமரையின் நாற்று ஏற்கெனவே வயது கடந்துகொண்டிருந்தது.

“அடைச்சிரலாம்மா” என்றார் அவசரமாக. “குளத்துக் களிமண் ரெண்டு டிரெய்லர் கொண்டாந்து கொட்டினா போதும். இன்னிக்கே கொட்டிப்புடுவேன்.”

“டிரெய்லரை எது இழுத்துக்கிட்டு வரும் ஐயா?”

தியாகேசன் தான் நின்ற குழியைக் குனிந்து பார்த்தார்.

அம்மை மடத்துக்குப் போய் இரண்டு கூடைகளோடு வந்தார். ஒன்றைச் சீடரிடம் கொடுத்தார்.

குளம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. வெறுங்கையோடு நடந்தால் அப்படித்தான் தோன்றும். தலையில் ஈரக் களிமண்ணைத் தூக்கியதும் தியாகேசனுக்கு அது அடுத்த ஊராகிவிட்டது. கழுத்து நடுங்கியது. வழியில் வரப்பு குறுகலாக இருந்ததால் ஒரு காலுக்கு முன்னால் மறுகாலை வைத்துத்தான் போக முடிந்தது. கொண்டுவந்து கொட்டியதும் அம்மை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குழியில் இறங்கி மிதிக்க ஆரம்பித்தார்.

செந்தாமரை பதறிப்போனாள். “ஐயையோ, நீங்க எறங்கக் கூடாதும்மா. ஊரு என்னையில்ல ஏசும்!”

“நாங்க போட்ட ஓட்டைதானேக்கா.”

“அதுக்காக?”

“நீங்களும் வந்து மிதிங்க. உங்க கால் தடத்துக்குத்தான் இந்த மண்ணு பழகியிருக்கும்.”

மூன்று பேரும் மிதித்தார்கள். ஒரு கூடை கொட்டி, மிதித்து, தண்ணீர் தெளித்து, மறுபடி மிதித்து, அது இறுகியபிறகு அடுத்த கூடை. அவசரப்பட்டுச் சேர்த்துக் கொட்டினால் அடியில் பொதபொதவென்று நின்றது. தோண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. தியாகேசனுக்கு அப்படி இரண்டு முறை ஆனது. யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

டிராக்டர் கம்பெனிக்காரர் தினமும் போன் செய்தார். தியாகேசன் எடுக்கவில்லை. ராத்திரி படுத்தால் காலில் சதை துடித்தது. தூக்கத்திலும் அந்த மணல் பாதத்தில் நறநறத்தது. தண்ணீர் நிற்காமல் போய்விட்டால் அவள் வருஷத்துக்கு என்ன செய்வாள் என்ற பயம் மட்டும் உடம்பு வலியையும் மீறி விழித்துக்கொண்டே இருந்தது.

முறைத்தண்ணீர் நிற்பதற்கு முந்திய சாயந்தரம் செந்தாமரை மடையைத் திறந்தாள். வயல் மெல்ல நிறைந்தது. மடையை அடைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். தியாகேசன் அன்று சாப்பிடவில்லை. அம்மையும் அவரை வற்புறுத்தவில்லை.

விடியலில் அவர் முன்னால் போக, அம்மை பின்னால் வந்தார். தூரத்திலேயே தெரிந்தது. செந்தாமரை வயலில் வானம் கிடந்தது. கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், நேற்று நின்ற இடத்திலேயே நின்றது.

தியாகேசன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செந்தாமரை நாற்றுக்கட்டுகளைச் சுமந்து வந்து இறங்கினாள். அவளோடு நான்கு பெண்கள் வரிசையாகக் குனிந்தார்கள். நாற்று கொஞ்சம் முற்றித்தான் இருந்தது. இருந்தாலும் பிடித்துக்கொள்ளும் என்றாள் ஒருத்தி.

“மடத்து வயல் பாக்கி இருக்கேக்கா. வழி விட்டுட்டு நடலாமே?” என்றார் அம்மை.

“இல்லம்மா, நட்டுடறேன்” என்றாள் செந்தாமரை நிமிராமலே. தலைமுறைகளில் முதல்முறையாக அவள் வழி விடவில்லை.

“நல்லது. உழுத பாதியில எங்களுக்குக் கிடைக்கிறது போதும்” என்றார் அம்மை.

தியாகேசன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“அம்மா, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்.”

“என்ன ஐயா?”

“அன்னிக்குப் பூக்கட்டிப் பார்த்தப்ப மொதல்ல செவப்புதான் வந்துச்சு. சின்னதை வாங்குன்னு சாமி சொல்லியிருக்கு. எனக்கு மனசு ஒப்பலை. மறுபடி போட்டு எடுத்தேன். மொதல்ல சொன்னதை நான் கேட்டிருந்தா இந்தப் பாவம் வந்திருக்காதில்ல?”

உமையம்மை நடுகிற கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு தடவையும் இழுக்கப்போறது எதுன்னுதான் கேட்டீங்க ஐயா. தாங்கப்போறது யாருன்னு கேக்கலையே.”

மடியில் போன் மறுபடி அடித்தது. தியாகேசன் அதை எடுக்காமல், செந்தாமரையிடம் கேட்க வேண்டும் என்று, அவள் கரையேறும்வரை வரப்பிலேயே காத்திருந்தார்.