சாணமேட்டில் கன்றின் குரல்

சடையாண்டி மடத்தில் சேரும்போதே தலை நரைத்திருந்தது. ஊர் ஊராகப் பகல்வேஷம் கட்டிப் பிழைத்தவன். குரு நிமலருக்கு அவன் தம்பி வயதுகூட இல்லை, அண்ணன் வயது. ஆனாலும் அவன்தான் சீடன்.

அவன் தொண்டைக்குள் ஒரு சந்தையே குடியிருந்தது. தயிர்க்காரி வருவாள், கிழட்டு ஆடு வரும், எண்ணெய் போடாத கதவு வரும். குருவின் இருமலும் வரும். குருதான் இருமுகிறார் என்று சமையல்காரத் தாமன் வெந்நீரோடு ஓடி வருவான்.

"நீயா, பாவி! ஒருநாள் இந்தச் சுடுதண்ணிய உன் தலையிலதான் ஊத்தப் போறேன்."

"ஊத்து தாமா. வெந்துபோனவன் குரல்தான் என்கிட்ட இன்னும் இல்லை."

குரு கேட்டும் கேளாதவராக இருப்பார்.

மடத்துக்குப் பின்னால் பெரிய ஆறு. ஆற்றை ஒட்டி யானையை மறைக்கிற புல். புல்லுக்குள் காண்டாமிருகங்கள். அந்த வருஷத்து வெள்ளம் ஒரு தாயிடமிருந்து அவள் கன்றை அடித்துக்கொண்டு போயிற்று. வருஷத்துக்கும் மேலாக வயிற்றில் சுமந்து பெற்ற கன்று. அது அம்மாவின் பின்னாலேயே கத்திக்கொண்டு திரிந்த நாட்களில் சடையாண்டி கேட்டிருக்கிறான். ஒரு தடவை கேட்டால் போதும், எந்தக் குரலும் அவனிடமே தங்கிவிடும்.

ஒரு காலை, மூடுபனி. தாமன் கரையில் பானை தேய்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கொஞ்சம் நடுங்க வைக்கலாமே என்று சடையாண்டி புதருக்குப் பின்னால் நின்று கன்று போலக் கத்தினான். சன்னமான கீச்சல், நடுவில் உடைகிற விம்மல். முடிவில் தன் கைச்சரக்காக ஒரு பொடி இருமல்.

"செத்ததோட குரலை எடுக்காதே," என்றான் தாமன். சிரிக்கவில்லை.

புல் விலகியது.

தாய் வந்து நின்றாள். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தோலில் பனி வழிந்தது. முதுகில் ஒரு மைனா. அந்தச் சின்னக் கண்களுக்குத் தூரத்தில் எதுவும் சரியாகத் தெரியாது. காதுகள் மட்டும் ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமுமாகத் திரும்பித் தேடின.

மறுநாளும் அங்கேயே நின்றாள். அதற்கு மறுநாளும். மேயவில்லை, சேற்றில் புரளவில்லை. சடையாண்டி புலி போல உறுமினான். காட்டுத்தீ போலச் சடசடத்தான். துப்பாக்கியாகவும் வெடித்தான். ஒரு காது அவன் பக்கம் திரும்பும், அவ்வளவுதான். மைனாவும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று தாமன் ஓடி வந்தான். "கீழாத்துல கொம்பு வெட்டுறவனுங்க படகு வந்திருக்காம். இது வெட்டவெளியில நிக்குது. குருடன்கூடச் சுட்டுருவான்."

சடையாண்டி குருவிடம் போனான். அன்றுதான் அவன் சொந்தக் குரலில் பேசினான்.

"சுவாமி, அவளைப் புல்லுக்குள் அனுப்பணும். எல்லாக் குரலும் கொடுத்துப் பார்த்துவிட்டேன்."

"எந்தக் குரலுக்கு வந்தாள்?"

"கன்றின் குரலுக்கு."

"என் கன்று எங்கே என்று நிற்கிறாள். புலி இருக்கிறது, தீ வருகிறது என்று பதில் சொல்கிறாய்."

"கன்று செத்துவிட்டது என்பதை எந்தக் குரலில் சொல்வது?"

"காதில் போட்டதைக் காதிலிருந்து எடுக்க முடியாது. மூக்கிடம் சொல்லிப் பார்க்கலாம். வா."

குரு புல்லுக்குள் நடந்தார். உள்ளே மேட்டு நிலத்தில் ஒரு பெரிய சாணக்குவியல். காண்டாமிருகங்கள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து சாணம் போடும். யார் வந்தது, யார் வரவில்லை என்பதை அங்கேதான் மோந்து தெரிந்துகொள்ளும். வெள்ளம் இந்த மேட்டைத் தொடவில்லை. ஓரத்தில் கன்று போட்ட சின்னச் சின்ன உருண்டைகள் காய்ந்து கிடந்தன. அவற்றின் மேல் புல் முளைத்திருந்தது.

"வெள்ளத்துக்குப் பிறகு அவள் கரையைவிட்டு இங்கே வரவேயில்லை. ஏறி நின்று கூப்பிடு."

"கொம்பு இருக்கிறதே, சுவாமி."

"நம் நகமும் அதுவும் ஒரே பொருள்தான்."

"நகம் அந்த நீளத்துக்கு வளர்ந்தால் நகத்துக்கும் பயப்படத்தான் வேண்டும்."

குரு தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

சடையாண்டி கூப்பிட்டான். பனிக்குள் புல் ஒரே நேர்கோட்டில் ஆடிக்கொண்டு வந்தது. நிறுத்த நினைத்தான். தொண்டை நிற்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டது.

அவள் மூச்சு அவன் முழங்காலில் சுட்டது. கன்றின் குரல் வந்த இடத்தில் மனித வாடை. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் தலை தாழ்ந்திருந்தது. மேட்டை மோந்துகொண்டே ஓரத்துக்குப் போனாள். காய்ந்த உருண்டைகளுக்கு வந்ததும் மூக்கு நின்றது. வெகுநேரம் நின்றது. அத்தனை நாளும் ஓயாமல் திரும்பிக்கொண்டிருந்த காதுகளும் நின்றன. பிறகு திரும்பி, அவற்றின் மேலேயே தன் சாணத்தைப் போட்டுவிட்டு அடர்ந்த புல்லை நோக்கி நடந்தாள்.

"போகிறாள் சுவாமி! படகுக்காரன் இனி அவள் வாலைக்கூடப் பார்க்க மாட்டான்!"

அப்போது கன்று கத்தியது.

சன்னமான கீச்சல். நடுவில் உடைகிற விம்மல். முடிவில் ஒரு பொடி இருமல்.

சடையாண்டியின் உதடுகள் மூடியிருந்தன. அவள் முதுகில் மைனா மறுபடி அலகைத் திறந்தது. தன் முதுகிலிருந்தே கேட்ட அந்தக் குரலுக்கு அவள் காது அசையவில்லை. புல் மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து இன்னொரு தடவை கேட்டது.

தோளில் குருவின் கை விழுந்த பிறகுதான் சடையாண்டிக்குத் தெரிந்தது, அவன் மேட்டைவிட்டு இறங்கிப் புல்லுக்குள் பாதி நுழைந்திருந்தான்.

"சுவாமி, நான் வாயே திறக்கவில்லை."

"தெரியும்."

"பாவம், அவளை மறுபடியும் அது..."

"அவள் திரும்பவில்லை, சடையாண்டி," என்றார் குரு. "இனி அது உன்னைத்தான் கூப்பிடும்."