மூச்சைப் பிடித்த குதிரை

மலையடிவாரக் காடு ஒன்றில் சுட்டி, செவலை என்று இரண்டு குதிரைகள் இருந்தன. நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ளது சுட்டி. நல்ல குதிரைதான், ஆனால் சுகவாசி. உடம்பில் ஒரு கயிறு பட்டால்கூட முகத்தைச் சுளிக்கும்.

அந்த மழைக்காலத்தில் கருப்பட்டி என்ற கரடிக்குட்டி ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு அங்கே கரை ஒதுங்கியது. அதன் அம்மா மலைக்கு அந்தப் பக்கம், கால் ஒடிந்து குகையில் கிடந்தது. பிள்ளையைக் காணாமல் அது பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று கிளிகள் வந்து சொல்லின. பாவம், தாய் மனசு அல்லவா?

"நாமே கொண்டுபோய் விட்டுட்டு வரலாம்" என்றது செவலை.

மலை வழியில் ஓர் இரவு தங்க வேண்டும். அதற்கு வேண்டியதெல்லாம் மூட்டை கட்ட மந்தி வந்தது. கட்டும் வேலையில் அந்தப் பெண் குரங்கை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை. குதிரைகளின் முதுகைத் தடவி ஒட்டியிருந்த முள்ளை எடுத்தது. குளம்பில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தது. மெத்தென்று கோரைப்பாயை விரித்து, அதன்மேல் சேணத்தை வைத்தது. இரவுக்கு வேண்டிய புல்லும் பழமும் செவலைமேல் ஏறின. சுட்டியின் ஒரு பக்கம் கருப்பட்டி உட்கார்ந்த கூடை, எடை சரியாக இருக்க மறுபக்கம் கிழங்குக் கூடை.

கடைசியாக, சேணம் நழுவாமல் இருக்க வயிற்றைச் சுற்றி வாரை இழுத்துக் கட்டியது மந்தி. அப்போது சுட்டி என்ன செய்தது தெரியுமா? மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொண்டது. மந்தி அந்தப் பக்கம் போனதும் மூச்சை விட்டது. வார் தொளதொளவென்று ஆகிவிட்டது. அப்பாடா, எவ்வளவு சுகம்!

"மாமா, இப்ப பெருசா இருந்துச்சே உங்க வயிறு, எங்கே போச்சு?" என்று கேட்டது கருப்பட்டி.

"உஷ்! சும்மா இரு கண்ணு" என்று சிரித்தது சுட்டி.

மந்தியும் கூடவே புறப்பட்டது. வழியெல்லாம் கருப்பட்டி ஏதாவது கேட்டுக்கொண்டே வந்தது. சுட்டியும் சலிக்காமல் பதில் சொன்னது.

"நான் இளைச்சுப் போயிட்டேனே, அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியுமா மாமா?"

"அம்மாவுக்கு உன் வாசனை போதும்டா."

மதியம் ஒற்றையடிப் பாதை வந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். செவலையும் மந்தியும் முன்னால் போய் ஒரு வளைவில் மறைந்துவிட்டன. சுட்டி ஒரு கல்லைத் தாண்டியது. அவ்வளவுதான், சேணம் சரியத் தொடங்கியது. கருப்பட்டி இருந்த கூடை பள்ளத்தின் பக்கம் இறங்கியது.

சுட்டிக்கு உயிரே போய்விட்டது. சட்டென்று மூச்சை இழுத்து வயிற்றை உப்பியது. வார் இறுகியது. கூடை நின்றது.

ஆனால் இப்போது வாயைத் திறந்தால் மூச்சுப் போய்விடும். மந்தியைக் கூப்பிடவும் முடியாது.

"மாமா, பயமா இருக்கு!" என்றது கருப்பட்டி.

சுட்டி பதில் சொல்லவில்லை.

"மாமா, என்மேல கோவமா?"

சுட்டியின் கண்ணில் நீர் முட்டியது. அப்போதும் அது வாயைத் திறக்கவில்லை.

இத்தனை நேரம் பேசிக்கொண்டே வந்த மாமா பேசவில்லையே என்று கருப்பட்டி ஓவென்று அழுதது. அழுகுரல் கேட்டு மந்தி ஓடி வந்தது. ஒரே தாவாகத் தாவிக் குட்டியை வாரி அணைத்துக்கொண்டது. அதற்குமேல் சுட்டியால் தாங்க முடியவில்லை. மூச்சு வெடித்து வெளியே வந்தது. சேணம் புரண்டு வயிற்றுக்குக் கீழே போனது. கிழங்குகள் ஒன்றுவிடாமல் பள்ளத்தில் கொட்டின.

மந்தி தலையில் அடித்துக்கொண்டது. "ஐயோ, நான் ஒழுங்கா கட்டலியே! என் கையால ஒரு பிள்ளை செத்திருக்குமே! இனிமே நான் ஒரு முடிச்சும் போட மாட்டேன்."

சுட்டி பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மந்தி அழுவதை அதனால் பார்க்க முடியவில்லை.

"அக்கா, நீ சரியாத்தான் கட்டினே. நான்தான் வயித்தை உப்பிக்கிட்டு உன்னை ஏமாத்தினேன்."

மந்தி சேணத்தைத் தூக்கி மறுபடியும் முதுகில் வைத்தது. சுட்டி தானாகவே மூச்சை முழுவதும் வெளியே விட்டது.

"இன்னும் இழு அக்கா. வலிச்சா வலிக்கட்டும். பிள்ளையை மட்டும் செவலைமேல ஏத்திடு. என்னை நம்பாதே."

கருப்பட்டி மந்தியின் கையிலிருந்து இறங்கி, சுட்டியின் காலைக் கட்டிக்கொண்டது.

"நான் மாமாகூடத்தான் வருவேன். ஆனா நான் கேட்டா நீங்க பேசணும்."

"பேசறேன் கண்ணு, கேளு" என்றது சுட்டி. மந்தி குட்டியைக் கூடையில் உட்கார வைத்து, எடை சரியாக இருக்க மறுபக்கக் கூடையில் கற்களை நிரப்பியது.

மறுநாள் காலையில் கருப்பட்டி தன் அம்மாவின் மடியில் இருந்தது.

நீதி: நம் சிறு சுகத்துக்காக நாம் செய்யும் ஏமாற்று, நம்மை நம்பி வருகிறவரின் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.