பன்னிரண்டு பாட்டும் அரை நிமிஷமும்

"நடுவுல நின்னுபோச்சும்மா" என்றார் நவமணி.

வேலம்மை நிமிரவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"லிஃப்டா, நீங்களா?"

"நான்தான்."

நவமணி ஓர் அரசு அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர். ஐந்து மாடி. முப்பது வருஷமாக ஏறி இறங்குகிறார். ஒரு காதில் 'மூணாவது மாடி', இன்னொரு காதில் பாட்டு.

வேலம்மை ஊருக்கு வெளியே ஒரு சித்தர் சமாதிக்கு விளக்கு வைப்பவள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். யார் வந்து எதைக் கேட்டாலும் கைவேலையை நிறுத்தமாட்டாள்.

மனசு ஒரு நிலையில் நிற்காத நாட்களில் நவமணி அவளிடம்தான் வருவார்.

"இன்னிக்குத் தேதி முப்பத்தொண்ணும்மா. மத்தியானம் ஆயிடுச்சு. இன்னும் அனுப்பலை."

"எதை?"

"பன்னிரண்டு பாட்டை."

வருஷக் கடைசியில் அவருக்கு அப்படி ஒரு வழக்கம். அந்த வருஷம் கேட்டதில் பன்னிரண்டைப் பொறுக்கி நாற்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பாலைவனத்து ஆள் ஒருவரின் கிதார் இருக்கும். வங்காளத்துப் படகுப் பாட்டு இருக்கும். ஏதோ திருவிழாவில் யாரோ பிடித்த தவில், ஓர் ஒப்பாரி, மாதா கோயில் பிள்ளைகள் பாடியது, எல்லாம் இருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்காது. இருக்கிறது என்பார் அவர்.

"அனுப்பிட வேண்டியதுதானே?"

"பதினேழு தடவை மாத்திட்டேன். ஒப்பாரிக்கு அடுத்தாப்புல தவிலை வெச்சா ஒப்பாரி செத்துப்போகுது."

"ஒப்பாரியே செத்துப்போனா அதுக்கு யாரு அழுவுறது?"

அவர் சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். உள்ளே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"நாற்பது பேருல, யாருக்கு அனுப்புறீங்க?"

கைப்பேசியைத் தரையில் கவிழ்த்து வைத்தார். "மகளுக்கு."

"மிச்சம் முப்பத்தொன்பது பேரு?"

"அவளுக்கு மட்டும் அனுப்பினா நான் இறங்கி வந்த மாதிரி ஆயிடுமே."

"லிஃப்ட்காரரு இறங்கமாட்டாராக்கும்."

தேன்மொழி புனேயில் இருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். மாலையும் கழுத்துமாக ஒரு படம் மட்டும் வந்தது.

"ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லலைம்மா. அன்னையிலிருந்து பேச்சு இல்லை. பாட்டு அனுப்பினா ரெண்டு டிக் நீலமாகும். பார்த்துட்டான்னு அர்த்தம். வருஷத்துக்கு ஒரு தடவை. எனக்கு அவ்வளவுதான் மக."

"சரி."

"போன வருஷம் நீலமாக ஒன்பது நாள் ஆச்சு. இந்தத் தடவை ஒரு பாட்டு தப்பாப் போனாலும் அதுவும் நின்னுபோயிடும்."

வேலம்மை கீரையில் பாதியை அவர் பக்கம் தள்ளினாள். "கை சும்மா இருக்கவேண்டாம்."

அவர் ஆயத் தொடங்கினார். பழுத்தது வேண்டாம். ஓட்டை விழுந்தது வேண்டாம். இது வாடல். இது முற்றல்.

கடைசியில் அவர் முன்னால் ஒரு பிடி கீரை இருந்தது. கழித்தது குவிந்து கிடந்தது.

வேலம்மை கழித்ததைத் தன் பக்கம் இழுத்து மறுபடி ஆய ஆரம்பித்தாள்.

"எட்டுப் பேரு சாப்பிடணும்" என்றாள்.

பிறகு கேட்டாள். "பாட்டை எப்படிப் பொறுக்குறீங்க?"

அவர் முகம் அன்று முதல்முறையாகத் தெளிந்தது. "அரை நிமிஷம் போதும்மா எனக்கு. வருஷத்துக்கு ரெண்டாயிரம் பாட்டு வருது, எல்லாத்தையும் முழுசாவா கேக்க முடியும்? ஒரு இடத்துல தாளம் தள்ளட்டும். தேறாதுன்னு தூக்கிப் போட்டுருவேன்."

"முதல் பாட்டைப் போடுங்க."

போட்டார். "இதோ, இப்ப கிதார் அடங்கும் பாருங்க. அடங்கினதும் பொம்பளை ஒருத்தி குரல் எடுப்பா. உங்களுக்கு உடம்பு சிலிர்க்கும். இப்ப... இப்ப..."

பாட்டைக் கேட்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க. எனக்கும் சேர்த்து நீங்களே கேட்டுட்டீங்க."

நிறுத்தினார்.

"மக உங்களுக்குப் பாட்டு அனுப்பினது உண்டா?"

"ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முந்தி. எவனோ கீபோர்டு வாசிக்கிறான். ஃபேன் சத்தம் வேற."

"என்ன சொன்னீங்க?"

"தாளம் தள்ளுது, தேறாதுன்னு எழுதினேன்."

"அதுக்கு அவ?"

"ஒண்ணும் சொல்லலை."

"அதைப் போடுங்க."

"அது எதுக்கும்மா, நான் கேட்டதுதான்..."

"போடுங்க."

விரலால் கீழே இழுத்துக்கொண்டே போனார். நாலு வருஷம் அவர் அனுப்பிய நாற்பத்தெட்டுப் பாட்டும் ஒவ்வொன்றாகக் கீழே போயின. அதற்கு மேலே கல்யாணப் படம். அதற்கும் மேலே அவருடைய 'தேறாது'. அதற்கு மேலே அது.

ஃபேன் ஓடியது. கீபோர்டு தொடங்கியது. அரை நிமிஷம் ஆகவில்லை, தாளம் தள்ளியது. அவர் விரல் தானாக எழுந்தது.

வேலம்மை ஈரக் கையால் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நிமிஷம்.

இரண்டு நிமிஷம்.

வாசித்தவன் தடுமாறினான். நின்றான். விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினான். நவமணி வலி தாங்காதவர் போல் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒருவழியாகப் பாட்டு முடிந்தது. ஃபேன் மட்டும் ஓடியது.

அப்புறம் ஒரு சிரிப்பு. தேன்மொழியின் சிரிப்பு.

"அப்பா, நல்லா இல்லைன்னு தெரியும். திட்டாதே. உனக்கு வாசிச்சுக் காட்டணும்னு ஒரு மாசமா கத்துக்கிட்டார். ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டு வரவா?"

அவ்வளவுதான்.

வேலம்மை அவர் விரலை விட்டாள். விரல் அங்கேயே நின்றது.

"வரவான்னு கேட்டிருக்கா" என்றார் நவமணி. "நான்... அதுக்கு நான்..."

வேலம்மை கீரையை அள்ளி முறத்தில் போட்டாள்.

"நாலு வருஷம் ஆச்சும்மா. இனிமே என்னத்தை எழுதுவேன்? எங்கேருந்து ஆரம்பிப்பேன்? எவ்வளவு எழுதணும் நான்?"

அவள் முறத்தோடு எழுந்தாள்.

"ஏன், அரை நிமிஷம் போதாதா?"