அடைக்கோழியும் ஏலமணியும்

கோழிக்கும் சட்டம் போட்ட ராஜா ஒருவன் இருந்தான். எந்த ஊர், எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ஊர் போய்விட்டது, கதை இருக்கிறது.

சட்டம் மூன்று. அந்தி சாய்ந்தால் கோழியை அடைக்க வேண்டும். அடுத்தவன் வைக்கோற்போரில் கோழி முட்டையிட்டால் கோழியும் முட்டையும் சந்தையில் ஏலம் போகும். ஆனால் அடைகாக்கும் கோழியை மட்டும் ஏலம் விடக்கூடாது.

ஏலக்காரன் பெயர் செங்கோடன். அவனுக்கு ஊர் கொடுத்த வெண்கல மணி ஒன்று உண்டு. முதலில் கோழியின் வயிற்றுக்கடியில் கையை விடுவான். இறகு உதிர்ந்து தோல் கொதித்தால் அடைக்கோழி, திருப்பிக் கொடுத்துவிடுவான். இல்லையென்றால் மணியடித்து ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். மூன்றாம் தரம் சொல்லிவிட்டால் ராஜாவாலும் மாற்ற முடியாது. நடுவில் நிறுத்தினால் ஏலக்காரனின் மணி போய்விடும். மணி போனால் பிழைப்பு போச்சு.

அந்த வருஷம் கழிச்சல் நோய் வந்தது. விடிந்து, கோழியை மூடிய பஞ்சாரக் கூடையைத் தூக்கினால் உள்ளே கோழி விறைத்துக் கிடக்கும். தெருத் தெருவாகப் போயிற்று. கடைசிச் சேவலும் செத்தது. மிஞ்சியது மாராயி என்பவளின் கருங்கோழி ஒன்றுதான். அதையும் பல நாளாகக் காணோம். நரி தூக்கிவிட்டது என்று அவள் அழுது ஓய்ந்தாள்.

நரி தூக்கவில்லை. அது அரண்மனை வைக்கோற்போருக்குள் ஒளிந்து கிடந்தது. களஞ்சிய அதிகாரி கண்டான். கோழியையும் முட்டைகளையும் வைக்கோலோடு அள்ளிக் கூடையில் வைத்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டான்.

தன் வைக்கோல் ஆயிற்றே, சட்டம் நடக்கிறதா பார்ப்போம் என்று ராஜாவே குடைக்குக் கீழே வந்து உட்கார்ந்தான்.

செங்கோடன் கூடையைப் பார்த்தான். அரண்மனையிலிருந்து வந்த கூடை. ராஜா முன்னால் அதைச் சோதித்தால் அரண்மனையைச் சந்தேகித்த மாதிரி ஆகாதா? கையை விடவில்லை. மணியை எடுத்துவிட்டான்.

மாராயி ஓடிவந்தாள். கோழி இத்தனை நாள் சும்மா படுத்திருக்காது, தொட்டுப் பார் என்று கெஞ்சினாள். கோழிக்கு ஒரு கை வைக்கோல் கொடுக்க வக்கில்லை, நியாயம் பேச வாய் மட்டும் இருக்கிறது என்றான் அதிகாரி. கூட்டம் சிரித்தது.

மிளகு வியாபாரி ஒருவன் விலையை ஏற்றிக்கொண்டே போனான். அவன் மகளுக்குக் கல்யாணம். "ஊரின் கடைசிக் கோழி என் வீட்டுக் குழம்பில் வெந்தது என்று பேர் வரட்டுமே" என்றான். அதற்கு மேல் யாரும் விலை கேட்கவில்லை.

"ஒரு தரம்" என்றான் செங்கோடன்.

கோழி அசையவில்லை.

"இரண்டு தரம்."

சந்தை இரைச்சலிலும் கோழி எழவில்லை. தலையைத் தாழ்த்தி வைக்கோலை இறுக்கி உட்கார்ந்தது. செங்கோடன் ஆயிரம் கோழிகளைப் பார்த்தவன். இந்த உட்காரல் அவனுக்குத் தெரியும்.

"அண்ணே, ஒரே ஒருதரம் தொட்டுப் பாருண்ணே" என்றாள் மாராயி.

மூன்றாம் தரம் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டுக் கையை உள்ளே விட்டான். கொதித்தது. அதோடு விரல் நுனியில் வேறு ஏதோ தட்டியது.

"மகாராஜா, என் மணி போகட்டும். நீங்களே தொட்டுப் பாருங்கள்."

அதிகாரி சீறினான். ராஜா கையமர்த்திவிட்டு எழுந்து வந்து, மோதிரங்களைக் கழற்றி, கூடைக்குள் கையை விட்டான். கோழி கொத்தியது. ரத்தம் வந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

அவன் விரலுக்கடியில் ஒரு முட்டை தட்டியது. உள்ளிருந்து ஒரு குரல், ஊசி முனையளவு மெல்லியது, கீச்சென்றது. கோழி தலை தாழ்த்தித் தொண்டைக்குள் பதில் சொன்னது. மறுபடி உள்ளே கீச். மறுபடி வெளியே பதில்.

இன்னும் பிறக்காத ஒன்றிடம் தாய் பேசிக்கொண்டிருந்தது. வியாபாரி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

ராஜா மெதுவாகக் கையை எடுத்தான்.

"மூன்றாம் தரம் சொல்லாதே" என்றான். "மணியைக் கீழே வை. நிறுத்தியதற்கு இல்லை. தொடாமல் இரண்டு தரம் சொன்னாயே, அதற்கு."

செங்கோடன் மணியை வைத்தான்.

வெயில் ஏறியது. ராஜா தன் குடையைக் கூடைக்கு மேல் பிடிக்கச் சொல்லிவிட்டு வெயிலில் நின்றான். ராஜா நிற்க, ஊரும் நின்றது. ஓடு வெடித்து, ஈரக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தாயின் இறகுக்கடியில் தலைகாட்டியபின்தான் மாராயி கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வருஷம் அந்த ஊரில் மறுபடி சேவல் கூவியது. மணியில்லாத செங்கோடன் அதைக் கேட்டுத்தான் எழுந்தான்.

சட்டத்தை வாயால் சொல்லும் முன், அதன் கீழே உயிர் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.